தரங்கம்பாடிக் கோட்டை அருங்காட்சியகம்: முதல்முறை போகிறவர்களுக்கு

தரங்கம்பாடி போய்வந்தவர்களிடம் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "சின்ன மியூசியம்தாங்க, பத்து நிமிஷத்துல பார்த்துட்டு பீச்சுக்குப் போயிட்டோம்" என்பார்கள். வெறும் காட்சிக்கூடமாக நினைத்து நுழைந்தால் பத்து நிமிடமே அதிகம்தான். பீங்கான் துண்டுகள், வாள்கள், ஈட்டிகள், சில காசுகள், ஒரு திமிங்கிலத்தின் எலும்பு. வேறென்ன என்று தோன்றும்.

ஆனால் இது ஒரு வியாபார ஊரின் அருங்காட்சியகம். 1620 முதல் 1845 வரை, இடையில் ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த சில ஆண்டுகள் போக, டென்மார்க்காரர்கள் கடை விரித்திருந்த ஊர். கோட்டைக்குள் இருப்பவற்றில் பல யாரோ விலை பேசி, கப்பலில் ஏற்றி, இறக்கி, எண்ணி வைத்த பொருள்கள். எது எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது, காசு கொடுத்தவர் யார் என்ற மூன்று கேள்விகளோடு போகிறவருக்கு அரைநாள் சரியாக இருக்கும்.

1. முதலில் கிழமையைப் பாருங்கள்

வெள்ளிக்கிழமை விடுமுறை. தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கும் இடம் இது. ஞாயிறு திறந்திருக்கும், வெள்ளி பூட்டியிருக்கும். தேசிய விடுமுறை நாள்களையும் நம்பிக் கிளம்ப வேண்டாம்.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் திருக்கடையூர். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று அங்கே வரும் குடும்பங்கள், பந்தி முடிந்ததும் "பக்கத்துலதான் தரங்கம்பாடி" என்று வேனைத் திருப்புவது வழக்கம். பத்து கிலோமீட்டருக்குள்தான், நல்ல யோசனையும்கூட. முகூர்த்தம் வெள்ளிக்கிழமையில் விழுந்திருந்தால் மட்டும் அதை விட்டுவிட்டுப் பூம்புகார் பக்கம் போய்விடுங்கள்.

காலையில் திறந்த கையோடு போவது நல்லது. முடியாவிட்டால் மூன்று மணிக்கு மேல் போங்கள், ஆனால் ஐந்து மணியை நெருங்க விடாதீர்கள். உச்சிவெயிலில் கோட்டையின் திறந்தவெளியிலும் மதில்மேலும் நிற்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கரைக்குப் புயல் மழைக் காலம். தையும் மாசியும்தான் நடந்து சுற்ற ஏற்றவை. கடல் கிழக்கே இருப்பதால் காலையில் கடலைப் பின்னால் வைத்துப் படம் எடுத்தால் ஆள் கறுப்பாகத்தான் விழும். அந்தப் படத்தை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

2. போய்ச் சேரும் வழி

ரயிலில் வருகிறவர்கள் மயிலாடுதுறையில் இறங்கி, பொறையார் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். சென்னையிலிருந்து சிதம்பரம், சீர்காழி வழியாக நாகப்பட்டினம், காரைக்கால் போகும் பஸ்கள் தரங்கம்பாடியைத் தொட்டுத்தான் போகின்றன; ஏறும்போதே கண்டக்டரிடம் நிறுத்தத்தைச் சொல்லிவிடுங்கள். தெற்கே இருந்து வந்தால் காரைக்காலிலிருந்து அரைமணி நேரப் பயணம்.

மேப்பில் ஊர் டிராங்குபார் என்றும் கோட்டை டேன்ஸ்போர்க் என்றும் வரும். ஊரில் வழி கேட்கும்போது "டேனிஷ் கோட்டை" என்றால் சின்னப் பிள்ளையும் கை காட்டும்.

3. ஊர் வாசலிலேயே இறங்கி நடங்கள்

காரில் வருகிறவர்கள் பெரும்பாலும் நேரே கோட்டை எதிரில் போய் நிற்கிறார்கள். அப்படிப் போனால் பாதி அருங்காட்சியகத்தைத் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஊருக்குள் நுழையும் இடத்தில் வெள்ளை நிறத்தில் ஒரு வளைவு வாசல் இருக்கிறது. அங்கே இறங்கி, வண்டியை முன்னால் அனுப்பிவிட்டு, ராஜா வீதி வழியாகக் கடலைப் பார்த்து நடந்து வாருங்கள். நிதானமாக நடந்தாலும் கால்மணிதான்.

இப்போதுள்ள வாசல் 1792இல் கட்டியது. ஒருகாலத்தில் இதன் இரு பக்கமும் மதில் ஓடி ஊரையே வளைத்திருந்தது. உள்ளே வரும் துணி மூட்டையும் நெல் வண்டியும் இதன் வழியாகத்தான் வந்தாக வேண்டும். சுங்கம் வாங்குவதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு உண்டா!

வீதியில் இரண்டு தேவாலயங்கள். சீயோன் ஆலயம் 1701இல் எழுந்தது. புது எருசலேம் ஆலயம் 1718இல் கட்டியது. இரண்டாவதன் முகப்பில் சற்று நில்லுங்கள். கிரீடத்தின் கீழ் பின்னலாக ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். அது அப்போதைய டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரடெரிக்கின் முத்திரை. இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் உள்ளே போனபின் மிகவும் உதவும்: அந்தக் காலத்து டென்மார்க் அரசர்களுக்கு இரண்டே பெயர்கள்தான். அப்பா கிறிஸ்டியன் என்றால் மகன் ஃபிரடெரிக், அவர் மகன் மறுபடி கிறிஸ்டியன். நான்காம் கிறிஸ்டியன் காலத்தில் கோட்டை, மூன்றாம் ஃபிரடெரிக், ஐந்தாம் கிறிஸ்டியன், நான்காம் ஃபிரடெரிக் காலத்தில் இந்த ஆலயம், ஆறாம் கிறிஸ்டியன், ஐந்தாம் ஃபிரடெரிக், ஏழாம் கிறிஸ்டியன் காலத்தில் நீங்கள் நுழைந்த வாசல். இந்த வரிசையைச் செல்போனில் குறித்துக்கொள்ளுங்கள். சி என்ற எழுத்தா, எஃப் என்ற எழுத்தா, பக்கத்தில் என்ன எண் என்று பார்த்தால், தேதி இல்லாத பொருளுக்கும் ஏறக்குறைய வயது சொல்லிவிடலாம்.

4. கோட்டைக்குள் முதலில் கட்டடம், அப்புறம் கண்ணாடிப் பெட்டி

டிக்கெட் விலை சின்னத் தொகைதான்; சில்லறை கையில் இருக்கட்டும். கேமரா கொண்டு போகிறவர்கள் அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று கவுன்ட்டரிலேயே கேட்டுவிடுங்கள், உள்ளே போய் வாக்குவாதம் வேண்டாம்.

நுழைந்ததும் காட்சிக்கூடத்துக்கு ஓடாமல் முற்றத்தில் நின்று கட்டடத்தைப் பாருங்கள். இது அரண்மனையும் இல்லை, முழுக்கப் போருக்கென்று கட்டியதும் இல்லை. கீழ்த்தளத்தில் சரக்கு அறைகள், சிப்பாய்கள் தங்கும் இடம், சிறை. மேல்தளத்தில் கவர்னர், பாதிரியார், வணிகர்கள். கிடங்குக்கு மேல் முதலாளி வீடு. நம் ஊர்ப் பழைய மண்டிக் கடைகளின் அதே கணக்கு.

கதை இதுதான். 1616இல் கோப்பன்ஹேகனில் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கினார்கள். முதலில் வந்த கப்பலைக் காரைக்காலுக்கு அருகே போர்ச்சுகீசியர்கள் அடித்து நொறுக்கிவிட்டார்கள். அதிலிருந்து தப்பிய ரோலண்ட் கிராப்பே என்ற டச்சுக்காரர் தஞ்சாவூர் அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தார். பின்னால் ஓவ் கெட் என்ற தளபதி வந்து, 1620 நவம்பரில் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டார். அந்த ஆண்டு நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்க ஓலையில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோப்பன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. எழுதியிருப்பது தமிழில்.

பிறகு நடந்தது யாரும் எதிர்பாராதது. டென்மார்க் ஐரோப்பியப் போர்களில் சிக்கி இந்த ஊரை மறந்தே போனது. வருடக்கணக்கில் கப்பல் வரவில்லை. இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள், இல்லையென்றால் ஓடிப்போனார்கள். 1655 வாக்கில் மிஞ்சிய டென்மார்க்காரர் எஸ்கில் ஆண்டர்சன் காங்ஸ்பக்கே ஒருவர்தான். அவரும் பிரபு குடும்பத்துக்காரர் இல்லை, சாதாரண ஆள். உள்ளூர்க்காரர்களை வைத்துக்கொண்டு வங்காள விரிகுடாவில் கப்பல்களைப் பிடித்து, அந்த வருமானத்தில் ஊரைச் சுற்றி மதில் எழுப்பி, 1669இல் தாய்நாட்டுக் கப்பல் வந்து சேரும்வரை கோட்டையைக் கைவிடாமல் வைத்திருந்தார். வாசலில் நான் சொன்ன மதிலின் பிறப்பு அதுதான். என்னைக் கேட்டால் இந்தக் கோட்டையின் ஆகப் பெரிய கதை இந்த ஆள்தான். ஆனால் வருகிறவர்களில் அவர் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு.

சிறை அறைக்கு முன்னால் நிற்கும்போது இன்னொருவரை நினைத்துக்கொள்ளலாம். 1706 ஜூலையில் இங்கே வந்திறங்கிய சீகன்பால்கு பாதிரியார், இறந்துபோன நாவிதர் ஒருவரின் மனைவிக்காகக் கடன் வழக்கொன்றில் தலையிட்டார். கவர்னர் ஹாசியஸுக்குப் பொறுக்கவில்லை. 1708 கடைசியில் பிடித்து இதே கோட்டையில் நான்கு மாதம் அடைத்து வைத்தார்கள். அரசர் அனுப்பி வந்தவரை அரசரின் கம்பெனியே சிறைவைத்தது. கம்பெனிக்கு வேண்டியது அமைதியான வியாபாரம். வந்தவரோ ஊர்க்காரர்களோடு பேசிப் பழகி வழக்குக்கு நிற்கிறவர்.

5. காட்சிக்கூடத்தில் எதைத் தேடுவது

எல்லாவற்றையும் வரிசையாகப் பார்க்க வேண்டாம். மூன்று வகைப் பொருள்களுக்கு நேரம் கொடுங்கள், மற்றவற்றைக் கண்ணோட்டமாகப் பார்த்தால் போதும்.

முதலாவது, காசுகள். டென்மார்க்காரர்கள் இங்கேயே காசு அடித்தார்கள். ஆரம்பத்தில் ஈயக் காசு, பிறகு செம்பு. அளவில் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியவைதான் பல, அதனால் கண்ணாடியோடு முகத்தை ஒட்டித்தான் பார்க்க வேண்டும். ஓரம் வட்டமாக இருக்காது. அச்சு ஒரு பக்கம் நழுவி எழுத்துப் பாதி வெளியே போயிருக்கும். ஆலய முகப்பில் பார்த்த அதே கிரீடம், அதே பின்னல் எழுத்து இதிலும் உண்டு. செல்போனில் குறித்த வரிசையை எடுத்து, எந்த அரசர் என்று கண்டுபிடியுங்கள். பிள்ளைகளோடு போனால் இது நல்ல விளையாட்டு. யோசித்துப் பாருங்கள், வாழ்நாளில் டென்மார்க்கைக் கண்ணால் பார்க்காத தறிக்காரரும் மீன்காரியும் அந்த அரசர்களின் பெயரை மடியில் முடிந்துகொண்டு திரிந்திருக்கிறார்கள்.

இரண்டாவது, பீங்கானும் தேயிலை ஜாடிகளும். "சீனத் தேயிலை ஜாடி தரங்கம்பாடியில் ஏன்?" என்று பெரும்பாலானவர்கள் கேட்பதே இல்லை. டென்மார்க்காரர்கள் மிளகும் வாசனைப் பொருள்களும் தேடித்தான் வந்தார்கள். இங்கே கிடைத்தது துணி. இந்தக் கரையின் பருத்தித் துணியை வாங்கித் தென்கிழக்கு ஆசியத் தீவுகளுக்குக் கொண்டுபோய் விற்று, அங்கே வாசனைப் பொருள் வாங்கினார்கள். 1732இல் புதிதாக ஆசியக் கம்பெனி ஒன்று தொடங்கியபின் சீன வியாபாரம் பெருகியது. தேயிலையும் பீங்கானும் ஐரோப்பாவுக்குப் போயின. ஜாடியின் அடிப்பாகத்தைப் பாருங்கள். மெருகு பூசாத சொரசொரப்பான வளையம் தெரியும். கப்பல் பயணத்துக்கென்று செய்த ஜாடிக்கு அழகு அவ்வளவாகத் தேவையில்லை, உடையாமல் இருந்தால் சரி. பக்கத்தில் மேஜையில் வைத்துச் சாப்பிடும் பீங்கான் தட்டு இருந்தால் இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒன்று சரக்கு, மற்றது சொந்த உபயோகம்.

சரக்குக் கணக்கில் மனிதர்களும் இருந்தார்கள். பஞ்சம் வந்தபோது விலைக்கு விற்கப்பட்டவர்கள் இந்தக் கரையிலிருந்து அடிமைகளாகக் கப்பல் ஏறினார்கள். கீழ்த்தளத்துக் கிடங்கு அறைகளில் நடக்கும்போது அதையும் மறக்காமல் நடப்பதுதான் நியாயம்.

மூன்றாவது, டேனிஷ் மொழிக் கையெழுத்துப் பிரதிகள். படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எண்கள் எல்லோருக்கும் பொதுதானே! எண்கள் எங்கே வருகின்றன, கையெழுத்து எங்கே முடிகிறது, முத்திரை எங்கே என்று பார்த்தாலே கணக்கா, கடிதமா என்று ஓரளவு பிடிபடும்.

சுதைச் சிற்பங்களும் சுடுமண் பொம்மைகளும் மரச்சாமான்களும் உண்டு. வாள், குத்துவாள், சிறிய பீரங்கிக் குண்டுகள் பையன்களுக்குப் பிடிக்கும். திமிங்கில எலும்பு பற்றிச் சொல்ல எதுவும் இல்லை, பெரியதாக இருக்கிறது.

விளக்கப் பலகைகள் சுருக்கமானவை. வேண்டியது அதில் இல்லையென்றால் பணியில் இருப்பவரிடம் கேளுங்கள். "இது என்னங்கய்யா?" என்று பொதுவாகக் கேட்டால் பலகையில் உள்ளதையே திருப்பிச் சொல்வார், "இது கோட்டைக்குள்ளேயே கிடைச்சதா, வெளியிலிருந்து கொண்டுவந்து வச்சதா?" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு வேறு பக்கம் திரும்பும்.

6. மேல்தளமும் மதிலும்

படி ஏறும்போது முட்டிவலிக்காரர்கள் கவனம்; கீழ்த்தளத்தைப் பார்த்தாலே பெரும்பகுதி பார்த்த மாதிரிதான். மேலே போனால் கடலைப் பார்த்த பீரங்கிகளும் நல்ல காற்றும். இந்தக் காற்றில் ஓசோன் அதிகம், அது உடம்புக்கு நல்லது என்று ஒரு பேச்சு ஊருக்கு வெளியேயும் பரவிக் கிடக்கிறது. கடற்காற்று கடற்காற்றாகவே நன்றாகத்தான் இருக்கிறது, அதற்கு மருந்துச் சீட்டு எழுத வேண்டியதில்லை.

கட்டடம் இவ்வளவு நல்ல நிலையில் இருப்பது தற்செயல் இல்லை. ஆங்கிலேயர் காலத்துக்குப் பிறகு இது அரசின் பயணியர் விடுதியாக இருந்தது. 1978இல் தொல்லியல் துறை எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு அருங்காட்சியகம் வந்தது. 2000க்குப் பின் டென்மார்க்கின் தரங்கம்பாடிச் சங்கமும் சேர்ந்து பழுது பார்த்தார்கள். 2004 சுனாமி இந்தக் கரையைக் கடுமையாகத் தாக்கியபோதும் கோட்டை நின்றது.

7. வெளியே வந்தபின்

கோட்டையோடு கிளம்பிவிடாதீர்கள். எதிரே திடலைத் தாண்டினால் பழைய கவர்னர் பங்களா. கரையோரம் வடக்கே நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் எழுந்த கோயில். முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. அதன் கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி என்று வருகிறது. டென்மார்க்காரர் வருவதற்கு முந்நூறு ஆண்டு முன்பே இங்கே ஊரும் கோயிலும் இருந்ததற்குச் சாட்சி இந்தக் கல்தான். அலைகளின் பக்கம் பாறைகளில் ஏறிப் படம் எடுக்கும் ஆசை வேண்டாம், வழுக்கும்.

நேரம் இருந்தால் சீகன்பால்கு வாழ்ந்த வீட்டில் 2017இல் திறந்த அருங்காட்சியகத்துக்குப் போங்கள். தமிழில் அச்சு எப்படி வேர்விட்டது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை இந்த ஊரில் அச்சிட்டு முடித்தார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் கட்டுபடியாகவில்லை. இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள், பொறையாரில் காகித ஆலையும் வைத்தார்கள். எழுத்து வார்க்க ஈயம் போதாமல், இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டியின் ஈய மூடிகளை உருக்கினார்கள் என்றும் ஒரு கதை உண்டு. மீனவர் வாழ்க்கையையும் கடலையும் பற்றிய சிறிய கடல்சார் அருங்காட்சியகம் ஒன்றும் ஊருக்குள் இருக்கிறது. இரண்டும் தனித்தனி நிர்வாகம் என்பதால், திறந்திருக்கிறதா என்று கோட்டைக் கவுன்ட்டரிலேயே விசாரித்துவிட்டு நடங்கள்.

கடற்கரையில் யாராவது உள்ளங்கையைத் திறந்து "டேனிஷ் காசு சார், அலையில ஒதுங்குனது" என்று காட்டலாம். வாங்காதீர்கள். போலியாக இருந்தால் பணம் வீண்; அசலாக இருந்தால் நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருள், உரிமம் இல்லாமல் விற்பது 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டில் வசிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், விமான நிலையத்தில் மாட்டினால் தப்ப முடியாது.

1845இல் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் கைமாறிய கணக்கில் இந்த ஊரோடு வங்காளத்துச் செராம்பூரும் சேர்த்தி. பிறகு கொஞ்ச காலம் தஞ்சை மாவட்டத்தின் தலைமையிடமாக இருந்தது. ரயில் 1861இல் நாகப்பட்டினத்துக்குப் போனதும் சரக்கும் அங்கே போய்விட்டது. ஊர் வளராமல் நின்றதால்தான் ராஜா வீதி இன்று இவ்வளவு அமைதியாகக் கிடக்கிறது. அதற்கு விலையாகச் சாப்பாட்டுக்குத் திண்டாட வேண்டும்: தெருவுக்குள் கடைகள் குறைவு. தண்ணீர் பாட்டிலும் பிஸ்கெட்டும் கையோடு கொண்டு போங்கள். முழுச் சாப்பாடு வேண்டுமென்றால் பொறையாருக்கோ காரைக்காலுக்கோ போவதுதான் வழி. பஸ்ஸில் திரும்புகிறவர்கள், இருட்டுவதற்குள் மெயின் ரோட்டுக்கு வந்துவிடுங்கள். மயிலாடுதுறை பஸ் அங்கே சீக்கிரம் வராவிட்டால் பொறையார் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஏறிக்கொள்ளலாம்.